பெல் அடித்தால் மட்டும் பிள்ளை தண்ணீர் குடிக்காது

தமிழகப் பள்ளிகளுக்கு 2025-ல் 'வாட்டர் பெல்' வந்தபோது, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியையான எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காலை 11 மணி, பகல் 1 மணி, மாலை 3 மணி என மூன்று தடவை மணி அடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். கேரளத்தில் 2019-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. நமக்கு வந்துசேர இத்தனை காலம் ஆனது, பரவாயில்லை. மணி அடித்ததும் பிள்ளை குடிக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலில் மாடித் தொட்டி இருக்கிறது, கழிப்பறைத் தாழ்ப்பாள் இருக்கிறது, பள்ளி வாசலில் விற்கிற பத்து ரூபாய் கலரும் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். கணக்கு டீச்சருக்குப் பிள்ளையின் நோட்டு தெரியும், எங்களுக்கு மூச்சு தெரியும். நூறு மீட்டர் ஓடி முடித்ததும் இடுப்பில் கைவைத்து நிற்பது யார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவது யார் என்று பார்த்தே பழகிய கண். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உயரம், எடை எடுக்கிற நாள் வந்தால் என் கவலை முழுக்க எலும்பும் தோலுமாக வரும் பிள்ளைகள்மேல்தான் இருக்கும். வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஓய்வுபெறும் சமயத்தில் தராசு சொன்ன கதையே வேறு. ஒரே வகுப்பில் இருபத்தைந்து கிலோவைத் தாண்டாத பிள்ளையும் இருந்தாள், அறுபதை நெருங்குகிறவளும் இருந்தாள். இருவருக்கும் ஒரே வயது, சில சமயம் ஒரே தெருவும்கூட.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த உலகளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் 1990-ல் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 2022-ல் 1 கோடியே 25 லட்சம். 2025 செப்டம்பரில் யுனிசெப் இன்னொரு செய்தியைச் சொன்னது. பள்ளி வயதில், எடை குறைந்த பிள்ளைகளைவிடப் பருமனான பிள்ளைகளின் விகிதம் உலக அளவில் முதல்முறையாகக் கூடிவிட்டதாம்.

எனக்கு இந்த எண்களுக்கு முன்னாலேயே சேதி சொன்னது பிள்ளைகளின் கழுத்து. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பின்கழுத்து தடித்துக் கறுத்திருக்கும். அம்மாக்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி அனுப்புவார்கள். தேய்த்தால் போகாது. உடம்பில் சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்தும் அக்குளும் அப்படிக் கறுப்பது உண்டு. பின்னால் சர்க்கரை நோய் வரலாம் என்பதற்கான முன்னறிவிப்பு அது. சோப்பை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

சரி, இதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. வெந்நீரும் கரைக்காது, எலுமிச்சை பிழிந்த வெந்நீரும் கரைக்காது. வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துவிட்டு, சாப்பாட்டைக் குறைத்துத் தண்ணீரால் வயிற்றை நிரப்பிக்கொண்ட பத்தாம் வகுப்புப் பெண்களை நான் அறிவேன். அது வேறொரு கேடு. தண்ணீரால் நமக்கு ஆகிற காரியம் எளிமையானது: அது இருக்கிற இடத்தில் சர்க்கரைத் தண்ணீருக்கு வேலை இருக்காது.

விருதுநகர்க்காரிக்குக் கலரைப் பழிக்க அவ்வளவு சுலபமாக வாய் வராது. பவண்டோவைத் தந்த காளி மார்க் 1916-ல் எங்கள் ஊரில் பிறந்த கம்பெனி. விருந்தாளி வந்தால், பெண் பார்க்க வந்தால், கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் கலர் வாங்குவோம். ஒரு பாட்டிலை நாலு டம்ளரில் ஊற்றுவோம். கண்ணாடிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதால் கடை வாசலிலேயே நின்று குடித்துவிட்டு வருவதும் உண்டு. வருஷத்தில் சில நாள் கிடைத்த அந்த இனிப்பு யாரையும் கெடுக்கவில்லை. இப்போது 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூடியைத் திருகி மூடலாம், பையில் போடலாம். நாலாம் வகுப்புப் பிள்ளை அதை இரண்டாம் பீரியடில் பாதி, நாலாம் பீரியடில் மீதி என்று குடிக்கிறது.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கோலாக்களில் 100 மில்லிக்குச் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம். அப்படியானால் 200 மில்லிக்கு 20 கிராம், அதாவது நாலைந்து தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படுகிற பிள்ளைக்கு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற பத்து சதவீத உச்சவரம்பின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரை 40 கிராமைத் தாண்டக் கூடாது. ஐந்து சதவீதத்துக்குள் நிற்பது இன்னும் நல்லது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அது 20 கிராம். ஆக, ஒரு பத்து ரூபாய் பாட்டிலோடு அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டில் குடிக்கிற பாலில் போட்ட சீனி, பிஸ்கட், பிறந்தநாள் மிட்டாய் எல்லாம் அதற்கு மேல்.

சோறு கூடுதலாகத் தின்றால் வயிறு 'போதும்' என்று சொல்லும். குடிக்கிற சர்க்கரைக்கு வயிறு அவ்வளவு சரியாகக் கணக்கு வைப்பதில்லை. நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 4 முதல் 11 வயது வரையிலான 641 பிள்ளைகளுக்குத் தினம் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, 104 கலோரி. மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாமல் இனிப்பூட்டியது. எது எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் சராசரியாக 7.37 கிலோ ஏறியிருந்தார்கள், மற்றவர்கள் 6.35 கிலோ. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பானம், ஒன்றரை வருஷத்தில் ஒரு கிலோ வித்தியாசம்.

தண்ணீரையே நேராகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்சென் என்று இரண்டு நகரங்கள். ஒரு காலத்தில் நிலக்கரியாலும் இரும்பாலும் வாழ்ந்த ஊர்கள். அங்கே ஏழை மக்கள் வசிக்கிற பகுதிகளில் 32 தொடக்கப் பள்ளிகளில் 2006-07 கல்வியாண்டில் இந்தச் சோதனை நடந்தது. ஏறத்தாழ 3,000 பிள்ளைகள், இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். பாதிப் பள்ளிகளில் குளிர்ந்த குடிநீர்க் குழாய் வைத்தார்கள், பிள்ளைக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள், தண்ணீரைப் பற்றி நாலே நாலு பாடம் நடத்தினார்கள். மற்றப் பள்ளிகளில் ஒன்றும் செய்யவில்லை. ஆண்டு முடிவில், குழாய் வந்த பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். அதிக எடைக்குப் போகிற அபாயம் அவர்களுக்கு 31 சதவீதம் குறைவாக இருந்தது. யாரையும் பட்டினி போடவில்லை, ஓடவிடவில்லை, எடையைச் சொல்லித் திட்டவும் இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அந்தப் பிள்ளைகள் ஜூஸையும் சோடாவையும் குறிப்பிடும்படியாகக் குறைத்ததாகத் தெரியவில்லை. பிறகு எப்படி எடையில் வித்தியாசம் வந்தது என்பதற்கு ஆய்வாளர்களிடம் தெளிவான விளக்கம் இல்லை. நான் இதை மறைக்க விரும்பவில்லை. தண்ணீரை மந்திரமாக்கி விற்பதற்கும் எனக்கு ஆசை இல்லை. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளின் சாப்பாட்டுக் கூடங்களில் குளிர்ந்த தண்ணீர் தரும் எந்திரங்களை வைத்தபோதும் பலன் சின்னதாகத்தான் இருந்தது. 2016-ல் வெளியான அந்த ஆய்வு பத்து லட்சம் மாணவர்களுக்கு மேல் எடுத்துப் பார்த்தது. அதிக எடை உள்ள பையன்களின் விகிதம் 0.9 சதவீதப் புள்ளியும், பெண்களில் 0.6 புள்ளியும் குறைந்தன. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று சிரிக்கலாம். பத்து லட்சத்தில் அது எத்தனை ஆயிரம் பிள்ளைகள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இங்கிலாந்தின் தென்மேற்கில் ஆறு பள்ளிகளில் ஒரு வருஷம் முழுக்க 'சோடா குடிக்காதே' என்று பாடமும் பாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வருஷ முடிவில் நல்ல பலன். பாடம் முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பலன் கரைந்துபோயிருந்தது. உபதேசத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். குழாய் என்றால் தினமும் நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர் வந்தால் போதும்.

நம்மிடம் இருக்கிற சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் தொட்டியில் பிடித்து வைப்பார்கள், வராத நாளில் போர்வெல். தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் பகல் ஒரு மணிக்கு அந்தக் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி மணி அடித்தால், பிள்ளை ஒரு வாய் வைத்துத் துப்பும். அதே நேரம் வாசலுக்கு எதிரே பெட்டிக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ், உள்ளே வேர்த்து நிற்கிற பாட்டில்கள். எந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

பெரிய செலவு இல்லாமலே இதைச் சமாளிக்கலாம். ஒரு பள்ளியில் நாங்கள் வராண்டாவில், நிழலில், குழாய் வைத்த மண்பானைகள் வைத்தோம். காலையில் நிரப்பினால் பகலில் சில்லென்று இருக்கும். பானை சுவரில் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது என்று அறிவியல் டீச்சர் அதையே பாடமாக நடத்தினார். வகுப்புக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பானை கழுவினார்கள். பையன்களும் கழுவ வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இல்லாவிட்டால் அதுவும் பெண்பிள்ளைகள் தலையில் விழும்.

குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகும் பெண்பிள்ளைகள் குடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒருத்தி, வெயிலில் கபடி ஆடிவிட்டு வந்தும் பாட்டிலைத் தொடவில்லை.

"ஏம்மா குடிக்கலை?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர்."

அவ்வளவுதான் பதில். பெண்பிள்ளைகள் படிக்கிற எந்தப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதில் கிடைக்கும். கழிப்பறைக் கட்டடம் இருக்கும். தாழ்ப்பாள் இருக்காது, கூடப் போகிற தோழி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் இருந்தால் வாளி இருக்காது. வாளி இருந்தால் குழாயில் தண்ணீர் இருக்காது. எல்லாம் இருக்கிற ஒன்று ஆசிரியர்களுக்கென்று பூட்டியிருக்கும், சாவி ஆபீஸ் ரூம் ஆணியில் தொங்கும். அதிகாரி பார்வையிட வருகிற நாளில் மட்டும் பள்ளி முழுக்க பினாயில் மணக்கும். மாதவிடாய் நாட்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளை, ஐந்து மணிக்கு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் ஏன் வருகின்றன என்று பிறகு டாக்டரிடம் போய்க் கேட்கிறோம்.

பருமனும் இதே வழியாகத்தான் உள்ளே வருகிறது. நாள் முழுக்க அடக்கிவைத்த தாகம், நாலே கால் மணிக்குப் பள்ளி விட்டதும் நேராகப் பெட்டிக்கடைக்குப் போகிறது. இனிமேல் அரை மணி நேரத்தில் வீடு, வீட்டில் கழிப்பறை. ஆகவே இப்போது குடிக்கலாம். அந்த நேரத்தில் கையில் இருக்கிற பத்து ரூபாய்க்குக் குளிர்ச்சியாக என்ன கிடைக்குமோ அதை ஒரே மூச்சில் குடிக்கிறாள். நான் வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள நிற்கும்போதெல்லாம் கண்ட காட்சி இது. பாட்டிலைக் காலி செய்தவர்களில் பாதிப் பேர் அன்று பள்ளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள்.

பெட்டிக்கடைக்கார அக்காமீது எனக்குக் கோபம் இல்லை. அந்த ஃபிரிட்ஜை அவர் வாங்கவில்லை, குளிர்பானக் கம்பெனி வைத்துவிட்டுப் போனது. நெல்லிக்காயும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்தவர் அவர். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. புகையிலைக்கு எதிராகச் சுவரில் எழுதியிருக்கிறோம், ஒன்றிரண்டு இடங்களில் அமலும் செய்கிறோம். சர்க்கரைக்கு அந்த 50 மீட்டரை டேப் பிடித்து அளந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் ஃபிரிட்ஜில் மோரும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்டால் அக்கா ஒப்புக்கொள்வார். கம்பெனி ஒப்புக்கொள்ளாது, அங்கேதான் அரசாங்கம் பேச வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "டீச்சர், அவன் வெறுந்தண்ணி குடிக்கவே மாட்டேங்குறான்" என்று பெருமையும் அலுப்புமாகச் சொல்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் ஆரஞ்சுப் பொடி கரைத்த தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், பழம் படம் போட்ட டெட்ரா பாக்கெட். விளையாட்டு விழா என்றால் 'ஓஆர்எஸ்' என்று பெயர் எழுதிய இனிப்புப் பானம். வயிற்றுப்போக்குக்கு மருத்துவமனையில் தருகிற உப்புச் சர்க்கரைக் கரைசல் வேறு, இவை வேறு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. அரை மணி நேரம் கோ-கோ ஆடிய பிள்ளைக்குத் தண்ணீர் போதும். கூடவே வேண்டுமானால் உப்புப் போட்ட நீர்மோர். நாளுக்கு எட்டு டம்ளர் என்று அளந்து புகட்டவும் வேண்டாம். ரசமும் கஞ்சியும் வெள்ளரிப் பிஞ்சும் கணக்கில் சேரும். சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனால் குறைவாகக் குடிக்கிறது என்று அர்த்தம். அதைப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆசிரியர்களாகிய நாங்களும் தடைதான். "டீச்சர், தண்ணி குடிக்கவா?" என்றால் "இப்பத்தானே இன்டர்வெல் முடிஞ்சது, உட்கார்" என்போம். "ஒண்ணுக்குப் போகவா?" என்றால் சந்தேகத்தோடு பார்ப்போம். தண்ணீர் பாட்டில் மேஜைமேல் இருந்தால் கவிழ்ந்து நோட்டு நனையும் என்று வராண்டாவில் வரிசையாக வைக்கச் சொல்கிற பள்ளிகள் உண்டு. பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குடித்த பிள்ளைக்குக் கழிப்பறை போக அனுமதி கேட்கிற அவசியமே இருக்கக் கூடாது; கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டு வரட்டும். என் சக பி.டி. ஆசிரியர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். எடை எடுக்கிற நாளில் எண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள். 'குண்டு' என்று ஒரு தடவை பெயர் விழுந்த பிள்ளை அதன் பிறகு மைதானத்துக்கு வராது.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பாதுகாப்பான குடிநீரையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் பள்ளிக்கு இருந்தே ஆக வேண்டியவை என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் கெடு வைத்து இதையே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவாகப் போட்டது. கட்டடங்கள் வந்தன, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டடங்களைத் தினமும் கழுவுகிற ஆளுக்குத்தான் ஒழுங்கான சம்பளம் வரவில்லை. பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் வசிக்கிற ஒரு பெண், பகுதி நேர வேலை, சொற்பக் கூலி, அதுவும் மாதக்கணக்கில் தாமதம். அவர் வராத நாளில் கழிப்பறை நாறும், பெண்பிள்ளைகள் தண்ணீரை நிறுத்துவார்கள், மாலையில் கலர் விற்கும். பிள்ளைகளின் பருமனைத் தடுக்க அரசு ஒரு திட்டம் போடுவதானால், விழிப்புணர்வுப் பேரணிக்கும் பேனருக்கும் ஒதுக்குகிற பணத்தை முதலில் அந்தப் பெண்ணுக்கு முழுநேரச் சம்பளமாகக் கொடுக்கட்டும்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, டீ வருவதற்கு முன் எழுந்து போய்ப் பிள்ளைகள் குடிக்கிற குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பாருங்கள். பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும், தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.